திதி தவறாத பழி

மன்னி, மற என்று புத்தி சொல்ல வருகிறவர்களை என் கண்ணில் காட்டக் கூடாது. அவர்கள் வீட்டு அடுப்பிலிருந்து யாராவது சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு போகட்டும், அதற்குப் பிறகு வந்து சொல்லட்டும், கேட்கிறேன். என் சிநேகிதி குணலட்சுமியின் பானையைத் தூக்கியவன் வேற்று ஆள் அல்ல, சொந்தச் சித்தப்பாவின் மகன். அவள் அவனை மன்னிக்கவில்லை. மன்னித்திருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்கவே மாட்டேன்.

குணலட்சுமிக்கு இப்போது நாற்பத்தெட்டு வயது. யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் என் வீட்டிலிருந்து நாலாவது வீடு. இரண்டு பேரும் ஒரே வகுப்பில் படித்தோம். நான் கூட்டுறவுச் சங்கக் கடையில் வேலைக்குப் போனேன், அவள் கேதீஸ்வரனைக் கட்டினாள். அவர் டோகாவில் லொறி ஓட்டினார். ஒரு தை மாதம், தங்கியிருந்த அறையில் நித்திரையிலேயே போய்விட்டார். பெட்டி வந்து சேரப் பதினெட்டு நாள் ஆனது. அப்போது மகள் உதயகலாவுக்குப் பதின்மூன்று வயது.

ஆட்டைத் திவசம், அதாவது முதல் வருடத் திவசம், நெருங்கியபோதுதான் பிரச்சினை வந்தது. எங்கள் ஊரில் செத்தவருக்குத் திவசம் இங்கிலீசுத் தேதியில் வருவதில்லை. எந்த மாதத்தில், எந்தப் பிறையில், எந்தத் திதியில் மூச்சு நின்றதோ அந்தத் திதியில்தான் வரும். மரணச் சான்றிதழில் காலை ஒன்பது மணி என்று போட்டிருந்தது. சொந்தக்காரர் எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டு நாள் குறித்தார்கள். குணலட்சுமி ஒத்துக்கொள்ளவில்லை. டோகாவுக்குப் போன் போட்டு, அவரோடு ஒரே அறையில் படுத்தவரைத் தேடிப் பிடித்துக் கேட்டாள்.

"அண்ணை, கடைசியா அவரின்ரை மூச்சுச் சத்தம் உங்களுக்கு எப்ப கேட்டது?"

"மூண்டு மணிக்கு நான் எழும்பேக்கை குறட்டை கேட்டது, தங்கச்சி. நாலரைக்கு வேலைக்கு எழுப்பப் போனன், உடம்பு குளிர்ந்து போச்சு."

ஒன்பது மணி என்பது டொக்டர் வந்து பார்த்த நேரம். அங்கே மூன்றுக்கும் நாலரைக்கும் இடையில் என்றால் இங்கே ஐந்தரைக்கும் ஏழுக்கும் இடையில். அன்றைக்கு எட்டு மணிக்குப் பிறகு திதி மாறியிருந்தது. வாக்கியம், திருக்கணிதம் என்று இரண்டு பஞ்சாங்கத்தையும் வாங்கி வைத்து ஒரு மாதம் மல்லுக்கட்டிய பிறகுதான் அவளுக்கு இது பிடிபட்டது. கொண்டுபோய்க் கோயில் ஐயரிடம் காட்டினாள். ஐயர் இரண்டு தரம் பார்த்துவிட்டு, "பிள்ளை சொல்லுறதுதான் சரி" என்றார். சொந்தக்காரர் குறித்த நாள் பிழை, அவள் குறித்த நாளில் திவசம் நடந்தது.

இந்தக் கதையைக் கேட்டுத்தான் ஜெயசுதன் வந்தான். சித்தப்பா ஏரம்புவின் மகன், எங்கள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பல்கலைக்கழகக் கம்பஸ் பக்கம் கணினி திருத்தும் கடை வைத்திருப்பவன்.

"அக்கா, இதை எழுதுங்கோ. வெளிநாட்டிலை எங்கடை ஆக்கள் திதி தெரியாமல் அந்தரப்படுகினம். நான் வலைப்பதிவு ஒண்டு செய்து தாறன்."

செய்தும் தந்தான், பொய் சொல்லக் கூடாது. ஆனால் தளத்தின் பெயர், விளம்பரக் கணக்கு, கடவுச்சொல் எல்லாவற்றையும் தன் பெயரிலேயே போட்டுக்கொண்டான். உங்களுக்கேன் அக்கா அந்தக் கரைச்சல் என்றான். தம்பிதானே என்று அவளும் விட்டுவிட்டாள். வேலி பயிரை மேயும் என்று பழமொழி சொல்வோமே தவிர, நாங்கள் யாரும் சொந்த வேலியைச் சந்தேகிப்பதில்லை.

டோகாக் கதைதான் அவளுடைய முதல் பதிவு. ஒரு கிழமைக்குள் அதன் கீழே நாற்பது கேள்விகள் வந்துவிட்டன. லண்டனிலிருந்தும் ஒஸ்லோவிலிருந்தும் மெல்பேணிலிருந்தும் கேட்டார்கள். அவள் ஒவ்வொருவருக்கும் அன்றைக்கே பதில் எழுதினாள். ஆனால் எடுத்தவுடன் நாளைச் சொல்ல மாட்டாள், திருப்பிக் கேட்பாள். டென்மார்க்கிலிருந்து றஜிந்தன் என்ற ஒருவர் தகப்பனின் திதி கேட்டபோது அவள் எழுதியதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

"தம்பி, நீங்கள் தந்தது டொக்டர் எழுதின நேரமோ, மூச்சு நிண்ட நேரமோ? அந்த நேரம் பக்கத்திலை ஆர் இருந்தது? உங்கடை வீட்டிலை வாக்கியம் பாக்கிறனீங்களோ, திருக்கணிதமோ?"

அந்த மனிதர் இரண்டு பக்கத்துக்கு எழுதி அனுப்பினார். தகப்பனின் கடைசி இரவைப் பற்றி அதுவரை ஒருவருக்கும் சொல்லாதது எல்லாம் அதில் இருந்தது. அதை முழுக்க வாசித்துவிட்டுத்தான் நாளைச் சொன்னாள். கூடவே, வெள்ளிக்கிழமை வருகிறது, வேலையில் லீவை இப்போதே சொல்லி வையுங்கோ என்றாள். அப்பாவுக்கு என்ன கறி விருப்பம் என்றும் கேட்டாள். கத்தரிக்காய்ப் பால்கறி என்றார். அடுத்த வருடம் திதிக்கு இரண்டு கிழமைக்கு முன்பே அவருக்குக் கடிதம் போனது: "போன முறை கடைசி நேரத்திலை கத்தரிக்காய் கிடைக்கேல்லை எண்டனீங்கள். இந்த முறை வேளைக்கு வாங்கி வையுங்கோ."

இப்படி எழுதுகிறவளை விட்டு யார் போவார்? வந்தவர்கள் தங்கினார்கள், அண்ணன் தம்பி, மச்சான் மச்சாள் என்று கூட்டியும் வந்தார்கள். பதிவுகளை ஆறுதலாக இருந்து வாசித்ததால் விளம்பரக் காசு ஜெயசுதனின் கணக்குவழியே அவள் கைக்கு வந்தது. வருடா வருடம் திதியை நினைவூட்டிக் கடிதம் எழுதச் சொல்லிச் சந்தா கட்டியவர்களாலும் வந்தது. அந்த வருமானத்தில் வீட்டு ஓடு மாறியது, உதயகலா கம்பஸ் வரை படித்தாள். பஞ்சாங்கம் எல்லோரிடமும்தான் இருக்கிறது, உன்னிடம் மட்டும் ஏன் சனம் வருகிறது என்று ஒரு நாள் கேட்டேன்.

"சனம் திதி கேக்க வாறேல்லையடி. செத்த ஆளைப் பற்றிக் கதைக்க வருகினம். திதி ஒரு சாட்டு."

ஏழாவது வருடம் ஒரு காலையில் அவளுடைய கடவுச்சொல் வேலை செய்யவில்லை. தளத்தைத் திறந்து பார்த்தால் அவளுடைய பெயரும் இல்லை, படமும் இல்லை. அவள் எழுதிய அறுநூறு பதிவுக்கும் மேலே ஜெயசுதன் கோட்டுப் போட்டுக்கொண்டு சிரித்தான். கீழே 'திதி இயந்திரம்' என்று ஒரு பெட்டி. இறந்த தேதியைப் போட்டால் நாளைச் சொல்லும். கேள்வி எழுதினால் அதுவே பதிலும் எழுதும்: "வணக்கம்! தங்கள் கேள்விக்கு மிக்க நன்றி. தங்கள் தந்தையின் திதி இது. இந்நாள் இனிய நாளாக அமைய வாழ்த்துகிறோம்!"

தகப்பன் செத்த நாள் இனிய நாளாக அமைய வேண்டுமாம். எனக்கு வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது.

அன்றைக்கே இருவரும் பஸ் ஏறித் திருநெல்வேலிக்குப் போனோம். அவன் கதிரையை விட்டு எழும்பவில்லை.

"அக்கா, கோவிக்காதேங்கோ. தளம் என்ரை பேரிலை கிடக்கு. பஞ்சாங்கத்திலை இருக்கிறதைத்தானே நீங்கள் பாத்துச் சொன்னனீங்கள்? அதை இனி மிஷின் சொல்லும். உங்களுக்கும் ஓய்வுதானே."

"அப்ப நான் ஒவ்வொருத்தருக்கும் எழுதின பதில்கள்?"

"அது சும்மா கதைதானே, அக்கா."

வட்டுக்கோட்டைச் சந்தியில் இறங்கியபோது குணலட்சுமி, "உவனை ஒண்டும் செய்யக் கூடாது" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஒண்டும் செய்யப் போறேல்லையோ? விசரே உனக்கு?" என்று றோட்டில் வைத்தே கத்தினேன்.

"செய்வன். ஆனால் உவனை இல்லை. உவனிட்டை இருக்கிற என்ரை ஆக்கள் ஒவ்வொருத்தரையும் எடுப்பன். ஒரு ஆளையும் மிச்சம் விடமாட்டன்."

பொலிசுக்குப் போகவும் வழியில்லை, கடதாசியெல்லாம் அவன் பெயரில். சொந்தக்காரரிடம் போனால், குடும்பத்துக்குள்ளை பேசித் தீருங்கோ, பொறுத்தார் பூமியாள்வார் என்றார்கள். பூமியை அவன் ஆண்டுகொண்டிருந்தான், பொறுத்தவள் நாள் கூலிக்குத் தோட்டத்தில் வெங்காயம் கிண்டப் போனாள். ஏழு வருடம் தட்டச்சு அடித்த விரல்கள் ஒரு கிழமையில் வெடித்துப்போயின. நான் அவனுக்கு விடாத சாபம் இல்லை. அவள் ஒரு சாபமும் விடவில்லை. பின்னேரம் வந்து குளித்துவிட்டு, போனை எடுத்துக்கொண்டு உட்காருவாள்.

தன் சொந்தப் பெயரில், தன் கையாலேயே புதிதாக ஒரு வலைப்பதிவு தொடங்கியிருந்தாள். அதை ஒரு குருவியும் எட்டிப் பார்க்கவில்லை. வாசகர்களின் மின்னஞ்சல் எல்லாம் அவனிடம் மாட்டிக்கொண்டன. ஆனால் ஒன்றை அவனால் எடுக்க முடியவில்லை. எந்தத் திதிக்கு யார் வீட்டில் இலை போடுவார்கள் என்பது முழுக்க அவளுடைய தலைக்குள் இருந்தது. வருகிற பிரதமைக்கு யார், துதியைக்கு யார் என்று யோசிப்பாள். பெயரையும் ஊரையும் வைத்து முகநூலில் தேடுவாள். கண்டுபிடித்தவுடன் எழுதுவாள். றஜிந்தனுக்கு எழுதியது இது:

"தம்பி, நான் குணலட்சுமி அக்கா. அப்பாவின்ரை திதி வாற புதன். அம்மாவின்ரை முழங்கால் நோ இப்ப எப்பிடி? படைக்கேக்கை அவவைக் கதிரையிலை இருத்துங்கோ, பிழையில்லை."

ஜெயசுதனைப் பற்றி ஒரு எழுத்தும் இல்லை. "கள்ளன் எண்டு ஒரு சொல் போடன்" என்று நான் நச்சரித்தேன். "தகப்பன்ரை திவசக் கடிதத்திலை ஏன் உவன்ரை பேர்?" என்றாள்.

றஜிந்தன் உடனே பதில் எழுதினார். "அக்கா, பழைய தளத்திலை எனக்கு வியாழன் எண்டு பதில் வந்தது. இனிய நாளாக அமையட்டும் எண்டும் இருந்தது. நீங்கள் இப்பிடி எழுத மாட்டியள் எண்டு மனைவி சொன்னவ. அங்கை எழுதுறது ஆர்?"

குணலட்சுமி எழுதினாள்: "அங்கை மிஷின், தம்பி."

அவ்வளவுதான். மிச்சத்தை அந்த மனிதரே பார்த்துக்கொண்டார். மிஷின் நேரமும் கேட்கவில்லை, ஊரும் கேட்கவில்லை. தேதியை மட்டும் வாங்கிக்கொண்டு யாழ்ப்பாணத்து நாளைத் தூக்கிக் கொடுத்திருக்கிறது என்று தன் ஆட்களுக்கெல்லாம் சொன்னார். ஒரு திதிக்கு மூன்று பேர், நாலு பேர் என்று அவள் தன் ஆட்களை இழுத்தாள். வளர்பிறையிலும் இழுத்தாள், தேய்பிறையிலும் இழுத்தாள். ஒரு வருடம் சுற்றி முடிந்தபோது அவள் வெங்காயத் தோட்டத்துக்குப் போவதை நிறுத்தியிருந்தாள். திருநெல்வேலிக் கடையில் வேலைக்கு நின்ற இரண்டு பெண்களை ஜெயசுதன் நிற்பாட்டியிருந்தான். கேள்விப்பட்ட அன்று நான் பாயாசம் காய்ச்சினேன்.

இதற்கிடையில் சித்தப்பா ஏரம்பு மனைவியோடு ரொறன்ரோவுக்கு, மகள் ஆரணியிடம் போயிருந்தார். போன இடத்தில் ஆவணி மாதம் காலமானார். குணலட்சுமி அழுதாள். மகன் செய்ததை அறிந்த நாளிலிருந்து அவளோடு கதைக்க வெட்கப்பட்டுத் திரிந்த மனிதர் அவர்.

வருடம் திரும்பியது. தாயை ரொறன்ரோவிலிருந்து கூப்பிட்டு, ஆட்டைத் திவசத்தைப் பெரிதாகச் செய்ய ஜெயசுதன் புறப்பட்டான். திருநெல்வேலியில் மண்டபம் எடுத்தான், முந்நூறு அழைப்பிதழ் அடித்தான். அதோடு விட்டிருந்தால் தப்பியிருப்பான். 'எமது திதி இயந்திரம் கணித்த புண்ணிய திதியில் எம் அன்புத் தந்தையின் ஆட்டைத் திவசம்' என்று தளத்தில் பெரிதாகப் போட்டு, போன வாசகர்களைத் திரும்பப் பிடிக்கப் பார்த்தான். நுணலும் தன் வாயால் கெடும்.

திவசத்துக்குப் பத்து நாள் இருக்கையில் குணலட்சுமியின் வலைப்பதிவில், எல்லோரும் பார்க்கக்கூடிய இடத்தில், ஆரணி எழுதியிருந்தாள்:

"அக்கா, அண்ணை பஞ்சமி எண்டு நாள் வைச்சிருக்கிறார். எனக்கு மனம் கேக்கேல்லை. அப்பா என்ரை கையிலைதான் போனவர், ஞாயிறு இரவு ஒம்பது நாப்பதுக்கு. ஒருக்கால் பாத்துச் சொல்லுங்கோ."

குணலட்சுமி போனை என்னிடம் நீட்டினாள். அவள் முகத்தில் ஒரு ஆச்சரியமும் இல்லை.

"உனக்கு முதலே தெரியுமோ?"

"அழைப்பிதழ் வந்த அண்டைக்கே தெரியும். சித்தப்பா போன நேரத்தை அப்பவே கேட்டு வைச்சனான்."

"பின்னை ஏன் சொல்லேல்லை?"

"என்னை ஆரும் கேக்கேல்லை. இப்ப கேட்டாச்சு."

ஆரணிக்குத் தனியாகப் போன் எடுத்துச் சொல்லியிருக்கலாம். விசயம் குடும்பத்துக்குள் அடங்கியிருக்கும், அவனும் ஏதோ சாட்டுச் சொல்லி நாளை மாற்றியிருப்பான். அதைச் சொன்னேன். "பதிவிலை கேட்டவளுக்குப் பதிவிலைதான் பதில். எல்லாருக்கும் அப்பிடித்தானே எழுதுறனான்" என்றாள். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் நான் அவளை ஐந்தாம் வகுப்பிலிருந்து பார்க்கிறேன். அது நியாயம் இல்லை, பழி. எனக்கு உச்சி குளிர்ந்தது.

அவள் எழுதினாள்: "ஆரணி, அங்கை ஞாயிறு இரவு ஒம்பது நாப்பது எண்டால் இங்கை திங்கள் காலமை ஏழு பத்து. எங்கடை வீட்டிலை பரம்பரையா வாக்கியம். அண்டைக்கு விடியப்புறம் மூண்டு மணியோடை பஞ்சமி முடிஞ்சு சஷ்டி வந்திட்டுது. சித்தப்பாவின்ரை திதி சஷ்டி. அண்ணை குறிச்ச நாளுக்கு அடுத்த நாள். முருங்கையிலை வறை எண்டால் சித்தப்பாவுக்கு உயிர், படைக்கேக்கை மறந்து போகாதேங்கோ. நீங்கள் அவரைக் கையிலை வைச்சிருந்தது அவரின்ரை புண்ணியம்."

ஒரு கடுஞ்சொல்லும் இல்லை. பின்னேரத்துக்குள் அது ரொறன்ரோ முதல் திருநெல்வேலி வரை எல்லோருடைய போனிலும் இருந்தது. பெற்ற தகப்பனின் திதியே தெரியாதவனா எங்கள் அப்பனின் திதியைச் சொன்னான் என்று ஆளுக்கு ஆள் கேட்டார்கள்.

இருட்டுவதற்கு முன் ஜெயசுதனின் அழைப்பு வந்தது. நானும் கேட்கட்டும் என்று அவள் சத்தமாகப் போட்டாள்.

"அக்கா, அந்தப் பதிலை அழியுங்கோ. மண்டபம் சொல்லியாச்சு, காட் குடுத்தாச்சு. ஒரு நாள் முன்னைப் பின்னை எண்டால் என்ன?"

"ஒரு நாள் முந்திச் செய்தால் அது சித்தப்பாவுக்கு இல்லை, உன்ரை மிஷினுக்கு."

"அப்ப நான் இப்ப என்ன செய்யிறது?"

"காட் குடுத்த வீடுகளுக்குப் போ. நாள் பிழைச்சுப் போச்சு எண்டு சொல்லு."

எங்கள் பக்கத்தில் திவசத்துக்கு நேரில் போய்ச் சொல்லிவிட்டுப் பிறகு போனில் நாள் மாற்றினால் அது பெரிய மரியாதைக் குறைவு, ஒருவரும் வந்து கை நனைக்க மாட்டார்கள். முந்நூறு வீட்டு வாசல் படலையையும் அவன் திரும்பத் திறந்தான். ஒவ்வொரு வீட்டிலும், "ஏன் தம்பி, உம்முடைய மிஷின் என்ன சொன்னது?" என்று கேட்டார்களாம். எங்கள் வீட்டுக்கும் வந்தான். நானும் கேட்டேன். இரண்டு தரம் கேட்டேன்.

சஷ்டிக்கு மண்டபம் கிடைக்கவில்லை, அன்றைக்கு அங்கே ஒரு கல்யாணம். வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டுத் திவசம் நடந்தது. குணலட்சுமி விடிய எழும்பிப் போய் மரக்கறி வெட்டினாள், முருங்கையிலையைத் தானே உருவித் தேங்காய்ப்பூப் போட்டு வறை வறுத்தாள். அது சித்தப்பாவுக்காக. சாப்பாடு முடிந்து அவள் கை கழுவிக்கொண்டு நின்றபோது ஜெயசுதன் ஒரு துண்டுக் கடதாசியோடு வந்தான். தாயும், திவசத்துக்கென்று வந்திருந்த ஆரணியும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அக்கா, கடவுச்சொல் இதிலை இருக்கு. தளத்தை நீங்களே எடுங்கோ. பேரும் மாத்தித் தாறன். என்னை மன்னிச்சிடுங்கோ."

வாங்கு என்று நான் பின்னாலிருந்து அவளைக் கிள்ளினேன். அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள்.

"வேண்டாம், தம்பி. உதை நீயே வைச்சிரு. என்ரை ஆக்கள் என்னட்டை வந்திட்டினம்."

திரும்பி வரும்போது நான் வெடித்தேன். "அறுநூறு பதிவடி! உன்ரை ஏழு வருஷம்!"

"எடுத்தால் உவன் தப்பியிடுவான். திருப்பிக் குடுத்திட்டன், அக்காவும் மன்னிச்சிட்டா எண்டு ஊரெல்லாம் சொல்லுவான். அது உவனிட்டையே கிடக்க வேணும். ஆரும் வராத கடையை விடியத் திறந்து வைச்சுக்கொண்டு இருக்கட்டும்."

ஊரில் பெரிய வன்மக்காரி நான்தான் என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். அவளுக்குப் பக்கத்தில் நான் பால் குடிக்கிற பிள்ளை.

அந்தத் தளம் இன்றைக்கும் இருக்கிறது. வருடா வருடம் காசு கட்டி வைத்திருக்கிறான். நான் கிழமைக்கு ஒரு தரம் போய்ப் பார்ப்பேன். கேள்வி ஒன்றும் இல்லாமல் வெறுமையாகக் கிடப்பதைக் கண்டால் மனதுக்கு ஒரு சுகம். போன மாதம் புதிதாக ஒரு கேள்வி கிடந்தது. போனைத் தூக்கிக்கொண்டு குணலட்சுமியிடம் ஓடினேன்.

"இஞ்சை பார், உவனிட்டையும் ஆரோ வந்து கேக்கினம்."

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தாள். 'எனது தந்தை ஆனி மாதம் பன்னிரண்டாம் தேதி காலமானார். திதியை அறியத் தரவும். வாசகர், கொழும்பு.' அதன் கீழே இயந்திரம், இந்நாள் இனிய நாளாக அமைய வாழ்த்தியிருந்தது.

"தகப்பனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை" என்று சொல்லிப் போனைத் திருப்பித் தந்தாள். "உண்மையா ஒரு ஆளைச் சாகக் குடுத்தவை இப்பிடிக் கேக்க மாட்டினம். உது உவன்தான். கேக்க ஆளில்லாமல் தன்ரை மிஷினிட்டைத் தானே கேக்கிறான்."

அன்றைக்கு எனக்குச் சோறு நன்றாக இறங்கியது.